கணக்கு எந்தத் தெருவுக்கு?



எங்கள் மஹல்லாப் பள்ளிவாசலின் வாயிலில், செருப்பு விடும் இடத்திற்கு மேலே, ஒரு கரும்பலகை உண்டு. வெள்ளிதோறும் ஜும்ஆவுக்கு முன்பாகவே மோதினார் அதில் சுண்ணக்கட்டியால் எழுதிவிடுவார். சென்ற வாரம் உண்டியலில் விழுந்தது இவ்வளவு, இமாமுக்குச் சம்பளம் இவ்வளவு, மின்கட்டணம் இவ்வளவு, மோட்டார் பழுது பார்த்த செலவு இவ்வளவு. வாரத்திற்கு ஐந்தாறு வரிகள்தாம்.

என் அண்டை வீட்டில் எழுபதைக் கடந்த மூதாட்டி ஒருவர் இருக்கிறார். தெருவில் சிறியவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் 'நன்னி'. அந்தப் பலகையை அவர் ஒருநாளும் கண்டதில்லை. தொழுதுவிட்டு வரும் பேரன்தான் அவருக்குப் பலகை. "மோட்டாருக்கு எவ்வளவுடா போட்டிருக்கு?" என்று கேட்பார். போன மாதமும் மோட்டார், இந்த மாதமும் மோட்டாரா என்னும் அவருடைய வினா, அடுத்த வெள்ளிக்குள் ஜமாஅத் தலைவரின் இல்லத்தை எட்டிவிடும். சென்ற ஆண்டு அப்படித்தான் பழைய மோட்டாரைக் கழற்றிவிட்டுப் புதியது வாங்கினார்கள். வீட்டை விட்டு வெளியே வராத ஒரு பெண்மணியின் கேள்வி, பொதுப் பணத்தின் போக்கை மாற்றியது!

அதே நன்னியின் வீட்டுக்கு அரையாண்டுக்கொரு முறை நகராட்சியின் சொத்துவரிக் கேட்பு வருகிறது. வீடு அவர் பெயரில் இருக்கிறது. பள்ளிவாசல் உண்டியலில் அவர் போடுவதைப் போலப் பல மடங்கு பணம் அந்தச் சீட்டுக்காகப் போகிறது. அந்தப் பணம் என்ன ஆயிற்று என்று அவருக்குச் சொல்லும் கரும்பலகை எங்கே இருக்கிறது?

2022-ஆம் ஆண்டு ஏப்ரலில் தமிழகமெங்கும் சொத்துவரி உயர்ந்தது நினைவிருக்கும். நகராட்சிகளில் 600 சதுர அடிக்குட்பட்ட குடியிருப்புக்கு 25 விழுக்காடு. 1,200 சதுர அடி வரை 50. 1,800 வரை 75. அதற்கு மேல் 100. அந்த மாதம் நம் வீடுகளில் வேறு பேச்சே இல்லை. எவ்வளவு கூடிற்று என்று எல்லாரும் கணக்குப் போட்டோம். கூடிய பணத்தில் நம் தெருவுக்கு என்ன வந்தது என்று எத்தனை பேர் கேட்டோம்?

இனி, நகராட்சி தன் பணியைப் பற்றி யாருக்கு அறிக்கை தருகிறது என்பதைப் பார்ப்போம். விழுப்புரம் நகராட்சி 1919-இல் அமைந்தது, நூறாண்டைக் கடந்துவிட்டது. அதற்கு அடுத்த ஆண்டு, 1920-இல், மாவட்ட நகராட்சிகள் சட்டம் பிறந்தது. ஆண்டுதோறும் நிர்வாக அறிக்கை எழுத வேண்டும் என்று அந்தச் சட்டம் கட்டளையிட்டது. எழுதி யாருக்கு அனுப்ப வேண்டும்? அரசாங்கத்திற்கு! வெள்ளையர் ஆட்சியில் அது இயல்பே. அதிகாரம் மேலே இருந்தது. அறிக்கையும் மேல்நோக்கிச் சென்றது. வெள்ளையர் போன பிறகும் அந்தத் திசை பெரிதாக மாறவில்லை. அந்தச் சட்டம் 2023 ஏப்ரல் வரை, நூற்று மூன்று ஆண்டுகள், நம்மை ஆண்டது. இப்போது 1998-இல் இயற்றிக் கிடப்பில் போடப்பட்டிருந்த நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டம் அதன் இடத்துக்கு வந்திருக்கிறது.

கிராமத்தார் இவ்வகையில் நம்மைவிடப் பாக்கியசாலிகள். மயிலத்தைச் சுற்றியுள்ள ஊராட்சிகளில் குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தியடிகள் பிறந்த நாள் என்று ஆண்டில் பல முறை கிராம சபை கூடுகிறது. வரவு செலவை அங்கே படிக்க வேண்டும் என்பது விதி. படிப்பவர் வேகமாகப் படித்துவிடுவார், கேட்பவர் பாதிப்பேர் கொட்டாவி விடுவர் என்பதெல்லாம் உண்மையே, ஆயினும் எழுந்து நின்று "அந்த ரோடு எங்கே இருக்கிறது?" என்று கேட்க ஓர் இடம் இருக்கிறது. அதே ஊராட்சியிலிருந்து பெண் எடுத்துத் திண்டிவனம் நகருக்குள் குடியிருக்கும் மாப்பிள்ளைக்கு அந்த இடம் நெடுங்காலம் இல்லை. நகரங்களுக்கான வார்டு குழு, பகுதி சபை விதிகள் 2022-இல்தான் வந்தன. அவ்வாண்டு நவம்பர் முதல் நாளில் முதன்முறையாகப் பகுதி சபைகள் கூடின. திண்டிவனத்தில் 33 வார்டுகள், விழுப்புரத்தில் 42. இவற்றுள் உங்கள் வார்டின் பகுதி சபை எங்கே கூடிற்று என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் அப்போது தெரியாது. கூடி முடிந்தபின் செய்தித்தாளில் படம் பார்த்துத்தான் அறிந்தேன்.

அதற்கு முந்திய காலம் இன்னும் வறண்டது. 2016 அக்டோபரில் நகர்மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19-இல்தான் நடந்தது. இடையில் ஐந்தாண்டுக்கும் மேலாகக் கவுன்சிலர் என்று ஒருவர் இல்லை. தனி அலுவலர்கள் நிர்வகித்தார்கள். நல்ல அலுவலரோ அல்லரோ, அவர் பதில் சொல்ல வேண்டியது மேலிடத்துக்கு. தெருக்குழாயடியில் நின்று கேட்பவருக்கு யாரும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கவில்லை என்றே பலர் நம்பினோம்.

அந்த நம்பிக்கை தவறு. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறதே! இதில் நம் மாநிலத்துக்கு ஒரு பெருமையும் உண்டு: 1997-இலேயே இப்படியொரு சட்டம் செய்த முதல் மாநிலங்களுள் தமிழகமும் ஒன்று. ஆனால் பல்லுள்ள சட்டம் 2005-இல் வந்ததுதான். அதன் நான்காம் பிரிவை நம்மில் பலர் அறிவதில்லை. 'கேட்டால் கொடு' என்பதோடு அது நிற்கவில்லை. கேட்காமலே வெளியிட வேண்டியவை என்று 17 வகைத் தகவல்களைப் பட்டியலிடுகிறது. அலுவலர் யார், அவர் ஊதியம் என்ன, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒதுக்கிய தொகை என்ன, செலவு என்ன, மானியம் பெற்றவர் யார் என்பன அவற்றுள் அடங்கும். சட்டம் வந்த 120 நாளுக்குள் இவற்றை வெளியிட்டிருக்க வேண்டும். பிறகு ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும்.

நகராட்சிகளுக்கு இன்று இணையதளங்கள் உள்ளன. ஊரின் வரலாறு, அலுவலர் பதவிகள், திட்டங்களின் பெயர்கள், கோடிகளில் தொகைகள் எல்லாம் இருக்கும். கோடிக் கணக்கைப் பார்த்ததும் நமக்குத் தலை சுற்றும்; மரியாதையாக மூடிவிடுவோம். மழைநீர் வடிகால் பராமரிப்புக்கு இத்தனை இலட்சம் என்று ஒரு வரி இருந்தால், அதை மெய்யென்றும் சொல்ல முடியாது, பொய்யென்றும் சொல்ல முடியாது. எந்தத் தெருவின் வடிகால், எங்கிருந்து எங்கு வரை, எந்தத் தேதியில் என்று எழுதியிருந்தால்? நன்னியே வாசல்படியில் உட்கார்ந்தபடி சரிபார்த்துவிடுவார். என் வாதம் இவ்வளவுதான். சரிபார்க்க இயலாத அறிக்கையை நான் அறிக்கை என்று ஏற்பதாக இல்லை.

இதை எனக்கு உணர்த்தியது ஒரு மழை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, போகாமல் அங்கேயே நின்றது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் மயிலத்தில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை! எந்த வடிகாலும் அதைத் தாங்காது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஒரு நாளுக்காக நகராட்சியை நிந்திப்பது நீதியன்று. ஆனால் மற்ற இடங்களில் வெள்ளம் வடிந்த பிறகும் எங்கள் தெருவில் மட்டும் நீர் நின்றது. நன்னி வீட்டில் அரிசி மூட்டையும் பேரனின் புத்தகங்களும் போயின. புத்தகங்களைக் கொடியில் துணி காய்வதுபோல் தொங்கவிட்டிருந்தார்கள்.

விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அரசு 2,000 ரூபாய் அறிவித்தது. அந்தப் பணம் யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்று தெருவே துருவிக் கேட்டது. மழைக்கு முன்பு வடிகாலுக்குச் செலவான பணத்தைப் பற்றிக் கேட்டவர் நன்னியின் மருமகள் ஒருவர்தான். பி.காம். படித்தவர், வீட்டிலிருந்தபடியே இரண்டு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவர்.

அவர் அலுவலகம் சென்றார். எங்கள் ஊர் விழுப்புரமா திண்டிவனமா என்று இங்கே எழுதப்போவதில்லை. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான், எப்படியும் ஊகிப்பீர்கள். "எங்கள் தெரு வடிகால் கடைசியாக எப்போது தூர் வாரப்பட்டது, சார்?" என்று கேட்டார். "வார்டு முழுக்க எடுத்தாச்சும்மா" என்று பதில் வந்தது. "எங்கள் தெருவில் யாரும் வந்து பார்த்ததாக நினைவில்லையே?" என்றார். "லிஸ்டில் இருக்கு." பட்டியலைப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, "அது ஆபீஸ் ரெக்கார்டு" என்றார்களாம்.

வீட்டுக்கு வந்து, "மாமி, பட்டியலில் நம் தெரு இருக்கிறதாம்" என்று சொன்னபோது நன்னி கேட்ட கேள்வியை மறக்க முடியாது: "தெரு பட்டியலில் இருந்தால் போதுமா? பட்டியல் தெருவில் இருக்க வேண்டாமா?"

இராஜஸ்தானில் எளிய உழைப்பாளிகள் இதைத்தான் கண்டுபிடித்தார்கள். 1994-இலிருந்து மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்னும் அமைப்பினர் கிராமங்களில் மக்கள் விசாரணை என்ற கூட்டம் நடத்தினர். பஞ்சாயத்து வேலைகளுக்கான கூலிப் பட்டியலைத் தேடிப் பெற்று, ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள். மொத்தத் தொகையைப் படித்திருந்தால் ஒருவருக்கும் ஒன்றும் விளங்கியிராது. பெயர் பெயராகப் படித்தபோது, இறந்தவர்கள் கூலி வாங்கியிருந்தது தெரிந்தது! 1996 ஏப்ரலில் பியாவர் என்னும் நகரத்தில் நாற்பது நாள் தர்ணா இருந்தார்கள். காய்கறி விற்பவரும் கடைக்காரரும் அவர்களுக்கு உணவும் பொருளும் தந்தார்கள். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வித்திட்ட இடங்களுள் அந்தக் கடைவீதியும் ஒன்று.

பெங்களூரில் வழி வேறாக இருந்தது. படித்தவர்கள் ஊர் அல்லவா! அங்கே 1990-களின் தொடக்கத்தில் சாமுவேல் பால் என்பவர் தலைமையில், குடிநீர், மின்சாரம், மாநகராட்சி முதலிய துறைகளுக்குப் பொதுமக்களே மதிப்பெண் போட்டு அட்டை வெளியிட்டார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தருவதுபோல, துறைகளுக்கு மக்கள் தந்த தேர்ச்சி அட்டை. பெரும்பாலும் தோல்விதான். பின்னர் 2002-இல் நான்கு அமைப்புகள் சேர்ந்து, மாநகராட்சி மூன்று மாதத்துக்கொரு முறை வரவு செலவை மக்கள் முன் வைக்க வேண்டும் என்று முயன்றன.

சென்னையை ஒட்டிய ஆலந்தூரைச் சொல்லாமல் விடக்கூடாது. அது அப்போது நம் ஊர்களைப் போல ஒரு நகராட்சி. 1990-களின் பிற்பகுதியில் பாதாள சாக்கடைத் திட்டத்துக்காக ஒவ்வொரு வீட்டாரிடமும் 5,000 ரூபாய் முன்வைப்பாகக் கேட்டார்கள். குழாய் புதைக்கும் முன்பே பணம் கேட்டால் யார் கொடுப்பார்? ஆனால் நகராட்சியார் குடியிருப்போர் சங்கங்களைக் கூட்டித் திட்டத்தை விளக்கினார்கள். மக்கள் கட்டினார்கள், திட்டமும் நிறைவேறியது. வரி கட்டச் சொல்லி ஒலிபெருக்கி வைத்துச் சுற்றுவதைவிட இது இலாபகரமானது என்று நம் நகராட்சிகளும் கருதக்கூடாதா?

இவ்வளவு சொல்லிவிட்டு நம் வீட்டுப் பலகையையும் பார்க்க வேண்டும். எத்தனை மஹல்லாக்களில் அந்தக் கரும்பலகை பல மாதங்களாக ஒரே கணக்கைக் காட்டிக்கொண்டிருக்கிறது! வக்ஃபு வாரியத்துக்கு ஆண்டுக் கணக்கு அனுப்பினோமே என்று முத்தவல்லி சொல்வார். அதுவும் மேல்நோக்கிய அறிக்கைதானே?

சரி, மருமகள் என்ன செய்தார்? ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு என்று விலாசமிட்டார். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டினார். ஏன் கேட்கிறோம் என்று காரணம் எழுதத் தேவையில்லை என்று சட்டமே சொல்வதால், வெள்ளத்தைப் பற்றியோ அரிசி மூட்டையைப் பற்றியோ ஒரு சொல்லும் எழுதவில்லை. மூன்று கேள்விகள் மட்டும். எங்கள் தெரு வடிகால் கடைசியாகத் தூர் வாரப்பட்ட தேதி. அந்தப் பணிக்கான அளவுப் புத்தகத்தின் பக்க நகல். அந்தத் தொகையைப் பெற்றவர் பெயர். ஒப்பந்தப் பணியானால் நீளம், அகலம், ஆழம் எல்லாம் அந்த அளவுப் புத்தகத்தில் ஏறியாக வேண்டும். அதனால்தான் அதைக் கேட்டார். நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். நேரில் சென்று ஆவணத்தைப் பார்வையிடவும் உரிமையுண்டு. முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமில்லை.

பதில் தர அவர்களுக்கு 30 நாள். தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு. அதிலும் பலனில்லையேல் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

"இதெல்லாம் நமக்கெதற்கு? நாளை ஒரு பிறப்புச் சான்றிதழுக்கு அதே அலுவலகத்துக்குத்தானே போக வேண்டும்?" என்று நன்னியின் மகன் தயங்கினார். அந்த அச்சம் பொய்யானதன்று. நானும் அதை அறிவேன். நன்னிதான் முடித்து வைத்தார். "வீடு என் பேரில்தானே? மனுவும் என் பேரிலேயே எழுது" என்றார்.

அவர் கையெழுத்திட்ட மனு தபாலில் போயிற்று. ஒப்புகை அட்டை திரும்பி வந்து, சமையலறையில் நாட்காட்டியின் ஆணியில் தொங்குகிறது. முப்பதாம் நாள் வருகிற வியாழக்கிழமை. தபால்காரர் எங்கள் தெருவுக்குப் பதினொரு மணிக்கு வருவார்.