டோஸ் அதேதான்... ரத்தத்தில் மருந்து அளவு மட்டும் ஏன் மாறுது?

வேலூரில் ஒருவர், ஆம்பூரில் ஒருவர். இருவருக்கும் ஸ்கிசோஃப்ரினியா எனும் மனச்சிதைவு நோய். இருவருமே தினமும் 300 மில்லிகிராம் க்ளோசபின் சாப்பிடுகிறார்கள் என வைத்துக்கொள்வோம். ஒருவருக்குக் காதில் குரல் கேட்பது நின்றுவிடுகிறது, இன்னொருவருக்கு நிற்கவில்லை. ‘மாத்திரையை ஒழுங்கா போடலை போல’ என்று வீட்டில் திட்டு விழும். ஆனா, காரணம் பீடியாகவும் இருக்கலாம்!

எப்படி?

க்ளோசபினைச் சிதைப்பது கல்லீரலில் உள்ள ஒரு நொதி. பீடி, சிகரெட் புகை அதை முடுக்கிவிடும். ரத்தத்தில் மருந்து குறைந்துவிடும். காபி அதிகம் குடித்தால் மருந்தின் அளவு ஏறும். புகைப்பதைத் திடீரென நிறுத்தினாலும், அதே டோஸில் ஓரிரு வாரங்களில் அளவு எகிறலாம். புகையை விடுவது நல்லதுதான். ஆனா டாக்டரிடம் சொல்லிவிட்டு விட வேண்டும்.

எவ்வளவு இருக்கணும்?

ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் சுமார் 350 நானோகிராமைத் தாண்டினால் பலன் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். ரொம்ப ஏறினால் வலிப்பு வரும் ஆபத்து உண்டு. கடைசி டோஸ் எடுத்து 12 மணி நேரம் கழித்து, அடுத்த டோஸுக்கு முன் ரத்தம் எடுப்பார்கள். தோல், ஷூ ஃபேக்டரிகளில் ஷிப்ட் மாறி வேலை பார்ப்பவர்கள் மாத்திரை போட்ட நேரத்தைச் சரியாகச் சொல்வது முக்கியம். வெள்ளை அணுக்களைக் கண்காணிக்கும் வழக்கமான ரத்தப் பரிசோதனை வேறு, இது வேறு.

வேலூர் சி.எம்.சி. ஆய்வாளர்கள் க்ளோசபின் எடுக்கும் 101 பேரிடம் இந்த அளவை ஆராய்ந்து 2013-ல் முடிவுகளை வெளியிட்டிருக்கிறார்கள். எல்லா மனநோய் மருந்துகளுக்கும் இந்தக் கணக்கு இவ்வளவு தெளிவாகப் பொருந்தாது. க்ளோசபினுக்குப் பொருந்தும்.

என்ன செய்யணும்?

வேறு இரண்டு மருந்துகளாவது பலன் தராதபோதுதான் க்ளோசபினே தரப்படுகிறது. அதற்கு இணையான அடுத்த மருந்து இல்லை. ரத்தத்தில் போதுமான அளவு சேராமலேயே ‘இதுவும் கேட்கலை’ என முடிவெடுத்தால், குணமாகும் வாய்ப்பே கைநழுவிப்போகும். எனவே, அந்த முடிவுக்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை நடக்கணும். மாவட்ட அரசு மருத்துவமனைக்கு வருபவருக்கும் அது கிடைக்க அரசு வழிசெய்யணும்.

குடும்பத்தினர் டாக்டரிடம் பீடி, காபி, மற்ற மாத்திரைகள் என எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். டோஸை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். அவசர ஆலோசனைக்கு டெலி மானஸ் எண்: 14416.