விளக்கை அணைச்சா வியாதி போயிடுமா?

ஏர்பேக் விளக்கை அணைப்பதில் நம்மூர் ஆட்களுக்கு இருக்கிற திறமை, அது ஏன் எரிகிறது என்று பார்ப்பதில் இல்லை. பதிவு கொஞ்சம் காட்டமாகத்தான் இருக்கும். மெக்கானிக் அண்ணன்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், ஒழுங்காக வேலை பார்க்கிறவர்களுக்காகவும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டில் ஒரு ஆள், அவன் முன்னால் ஒரு உருண்டை தெரியும். சில நொடி எரிந்து அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் ஏர்பேக் கம்ப்யூட்டர் கோளாறைப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். அந்த நிலையில் கார் மோதினால் பை விரியும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.

நம்மாட்கள் வைத்தியம் மூன்று.

1. பல்பைப் பிடுங்குவது.
2. ஸ்கேனர் போட்டு கோடை அழிப்பது. கோளாறு இருந்தால் மறுபடி வரும், அதற்குள் காசு வாங்கியாச்சு :-)
3. ஏர்பேக் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஓம் அளவில் ரெசிஸ்டர் ஒன்றைச் சொருகுவது. கம்ப்யூட்டர் பை இருக்கிறதென்று நம்பிவிடும்.

மூன்றாவதுதான் அயோக்கியத்தனம். விபத்தில் பை வெடித்த காரை பெயின்ட் அடித்து, உள்ளே ரெசிஸ்டரை வைத்து, "சிங்கிள் ஓனர் சார்" என்று விற்றால் வாங்குகிறவனுக்கு எப்படித் தெரியும்? பை வைத்தே கொடுத்தாலும் நம்ப முடியவில்லை. 2024 ஏப்ரலில் டெல்லி போலீஸ் 900-க்கும் மேற்பட்ட போலி ஏர்பேக்குகளைப் பிடித்தது.

"சரி பண்ண ரொம்ப செலவாகும் தம்பி" என்பார்கள். எப்போதும் அப்படியில்லை. சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற கனெக்டர் இருக்கும். சீட்டை முன்னே பின்னே தள்ளியதில், கழுவியதில் அது லூஸாகியிருக்கலாம். ஹாரனும் சேர்ந்து வேலை செய்யவில்லையென்றால் ஸ்டியரிங்குக்குள் இருக்கும் கிளாக் ஸ்பிரிங் மேல்தான் முதல் சந்தேகம். இதைச் சொல்வதற்குத்தான் கோட். ஆனால் மலிவான ஸ்கேனர்கள் பல எஞ்சின் கோடை மட்டும் படிக்கும், ஏர்பேக் கோடு அதில் வராது. "மிஷின்ல ஒண்ணும் காட்டல" என்றால் எந்த மிஷின் என்று கேளுங்கள்.

வேலைக்கும் ஒரு முறை உண்டு. சாவியை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, கம்பெனி புத்தகத்தில் சொன்ன நேரம் காத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டரில் பையை வெடிக்க வைக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும். பையின் மேல் மல்டிமீட்டரோ டெஸ்ட் லேம்ப்போ வைக்கவே கூடாது. அதே ரெசிஸ்டரை பைக்குப் பதிலாகத் தற்காலிகமாக மாட்டிப் பார்ப்பார் நல்ல மெக்கானிக். கோளாறு மறைந்தால் பையில் பிரச்சனை, மறையாவிட்டால் வயரிங்கில். பார்த்ததும் கழற்றிவிடுவார். நேர்மையானவன் கையில் சோதனைக் கருவி, மற்றவன் கையில் மோசடி.

அரசாங்கத்துக்கும் ஒரு கேள்வி. 2019 ஜூலை முதல் டிரைவருக்கும், 2021 கடைசியிலிருந்து பக்கத்து சீட்டுக்கும் புதுக் காரில் ஏர்பேக் கட்டாயம். நல்லது. ஆனால் சொந்தக் காருக்கு 15 வருஷம் வரை எஃப்.சி. கிடையாது. புகைக்குச் சான்றிதழ் கேட்கிறோம், இன்ஷூரன்ஸ் கேட்கிறோம், ஏர்பேக் உயிரோடு இருக்கிறதா என்று யார் கேட்கிறோம்? ஆர்.சி. பெயர் மாற்றும்போதாவது சரியான ஸ்கேனரில் ஒரு பரிசோதனை கட்டாயமாக வேண்டும்.

எங்கள் மீன்சுருட்டியில் திருச்சி - சிதம்பரம் ரோடும் விக்கிரவாண்டி - தஞ்சாவூர் ரோடும் சந்திக்கின்றன. சிமென்ட் லாரி, கரும்பு டிராக்டர், இடையில் பழைய கார்கள். மோதினால் பை விரிய எடுப்பது கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. அந்த நொடியில் ரெசிஸ்டர் விரியாது.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் சாவியைத் திருப்பி அந்த விளக்கைப் பாருங்கள். எரிந்து அணைந்தால் பாதி நிம்மதி, மீதிக்கு உள்ளே திறந்து பார்க்கச் சொல்லுங்கள். எரியவே இல்லையென்றால் பல்பைப் பிடுங்கியிருக்கலாம், விலை பேசாமல் திரும்பிவிடுங்கள். எப்படியிருந்தாலும் சீட் பெல்ட் போடுங்கள், அது இருந்தால்தான் ஏர்பேக்கே முழுசாக உதவும்.