ஒரே முகவரியை எத்தனை முறை எழுதுவது?

கோவையில் கிரைண்டர் செய்யும் சிறு பட்டறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். உரிமையாளர் தன் பெயர், கதவு எண், தொழில் வகை எல்லாவற்றையும் ஜிஎஸ்டி தளத்தில் எழுதியிருப்பார். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவுக்காக மறுபடி எழுதியிருப்பார். உற்பத்தியாளர் சங்கம் அச்சிடும் டைரக்டரிக்கு இன்னொரு படிவம். திறந்த மின்வணிக வலைப்பின்னலான ஓஎன்டிசி வழியாக விற்கலாம் என்று போனால் அங்குள்ள விற்பனைச் செயலியில் நான்காவது முறை. வாடகை கட்டுப்படியாகாமல் பட்டறையை அடுத்த தெருவுக்கு மாற்றிய பிறகு, எதைத் திருத்தினோம், எதை விட்டோம் என்பது அவருக்கே நினைவிருக்காது. டைரக்டரியைப் பார்த்து வந்த வியாபாரி பூட்டிய ஷட்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்.

இந்தக் கோளாறு தீர, அரசின் உத்யம் ஏட்டையும் ஓஎன்டிசி வலைப்பின்னலையும் முறையாக இணைக்க வேண்டும். 5 லட்சம் குறு, சிறு நிறுவனங்களை ஓஎன்டிசியில் சேர்க்க 2024ல் மத்திய அரசு ஒரு திட்டம் அறிவித்தது. நல்ல முயற்சி. ஆனால் உத்யம் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்வது வேறு. அந்த ஏட்டில் ஒரு வரி மாறினால் ஓஎன்டிசியிலும் தானாக மாறுவது வேறு. நாம் கேட்பது இரண்டாவதை.

எல்லோருக்கும் பொதுவான ஒரு தொழில் ஏட்டை உலகம் ஏற்கெனவே ஒருமுறை முயன்று பார்த்திருக்கிறது. 2000 செப்டம்பரில் ஐபிஎம், மைக்ரோசாஃப்ட், அரிபா மூன்றும் சேர்ந்து நிறுவனங்களின் விவரங்களை இணையத்தில் பட்டியலிட யூடிடிஐ என்ற திறந்த தரநிலையைக் கொண்டுவந்தன. வெள்ளைப் பக்கத்தில் பெயரும் முகவரியும். மஞ்சள் பக்கத்தில் தொழில் வகை. பச்சைப் பக்கத்தில், அந்த நிறுவனத்தின் கணினியோடு இன்னொரு கணினி எப்படிப் பேசுவது என்ற விவரம். அதன் மூன்றாம் பதிப்பை, தரநிலைகளை வகுக்கும் ஓயாசிஸ் அமைப்பு 2005ல் ஏற்றது. அந்தத் தரநிலையின்படி பெரிய நிறுவனங்கள் நடத்திய பொதுப் பதிவேடோ 2006 ஜனவரியில் மூடப்பட்டது. தரநிலையில் பெரிய பழுதில்லை. பதிவு செய்துகொண்ட எவரும் எதையும் எழுதலாம் என்று விட்டார்கள். எழுதியது உண்மையா என்று பார்க்க ஆளில்லை. சோதனைக்காகப் போட்ட பதிவுகளும் செத்துப்போன இணைப்புகளும் மண்டின. முன்பின் தெரியாத ஏட்டை நம்பி எந்த வியாபாரி சரக்குக்கு ஆர்டர் கொடுப்பார்?

நம்மிடம் நிலைமை இதற்கு நேர்மாறு. 2020 ஜூலை 1ல் தொடங்கிய உத்யம் பதிவு, பான் எண்ணோடும் ஜிஎஸ்டியோடும் பிணைந்தது. சரிபார்க்க வழியுள்ள ஏடு நம் கையில் இருக்கிறது. ஓஎன்டிசியின் பதிவேட்டிலோ செயலிகளின் பெயர்கள்தான் இருக்கின்றன, கடைகளின் பெயர்கள் இல்லை. கடைக்காரரின் விவரம் அவர் சேர்ந்த விற்பனைச் செயலியின் கையில். அதைவிட்டு வேறு செயலிக்கு மாறினால் மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டியதுதான்.

இணைப்பதில் சிக்கலான வேலை ஒன்று உண்டு. உத்யம் ஏடு தொழிலை என்ஐசி எனும் தேசியத் தொழில் வகைப்பாட்டு எண்ணால் வகைப்படுத்துகிறது. ஓஎன்டிசிக்குத் தனி வகைப்பாடு. அங்கே உற்பத்தி என்று நிற்பது இங்கே வீட்டு உபயோகப் பொருள் என்று வந்தாக வேண்டும். இந்த ஒப்புப் பட்டியலைத் தயாரித்து எல்லோருக்கும் திறந்து வைப்பது அரசின் வேலை. ஒவ்வொரு செயலியும் தன் இஷ்டத்துக்குச் செய்தால் பழைய குழப்பமே மிஞ்சும். கடைப் பெயரைத் தமிழிலும் பதிய இடம் வேண்டும். சரவணன் என்ற பெயரை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதிவிட்டு, தேடினால் கிடைக்கவில்லை என்று கைவிரிப்பதில் நியாயமில்லை.

இணைப்புக்காக உத்யம் ஏட்டைத் திறப்பது என்றால் தொலைபேசி எண்களை ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுப்பது என்று அர்த்தமில்லை. இலவச உத்யம் பதிவுக்கே பணம் பறிக்கும் போலித் தளங்கள் உலவும் நாடு இது. எந்த விவரம் வெளியே போகலாம் என்பதை உரிமையாளரே சொல்ல வேண்டும். நினைத்தபோது அந்த அனுமதியைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும்.

2022 ஏப்ரலில் ஓஎன்டிசி வெள்ளோட்டம் பார்த்த ஐந்து நகரங்களில் கோவையும் ஒன்று. இந்த இணைப்பையும் அங்கிருந்தே தொடங்கலாம். மாவட்டத் தொழில் மையத்தில் ஒரு மேசை போட்டு, இடம் மாறிய பட்டறைக்காரர் வந்து ஒருமுறை சொன்னால் எல்லா ஏட்டிலும் திருத்தம் ஏறும்படி செய்யட்டும்.