நெற்றியில் ஒரு நிலா

செல்போனிலேயே லைட் இருக்கும்போது தலையில் தனியாக ஒரு லைட் எதற்கு என்று கேட்பவர்கள், இருட்டில் இரண்டு கையாலும் வேலை பார்த்துச் சாப்பிடாதவர்கள். (பி.காம். படித்து, ஒரு கையால் பேனா பிடித்துப் பிழைக்கிற என்னையும் அதில் சேர்த்துக் கொள்ளலாம்.)

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஊர் தூங்கும்போது இரண்டு கூட்டம் விழித்திருக்கும். ஒன்று மலைப் பக்கம். குலசேகரம், திருவட்டாறு, கீரிப்பாறை வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டப் போகிறவர்கள். இன்னொன்று கடல் பக்கம். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் என்று கரை நெடுக வள்ளமும் விசைப்படகும் இறக்குகிறவர்கள். இரண்டு கூட்டத்துக்கும் நெற்றியில் லைட் வேண்டும். ஆனால் ஒரே லைட் இருவருக்கும் ஆகாது. சங்கதி அங்கேதான் இருக்கிறது.

குளச்சலில் ஒரு எலெக்ட்ரிக் கடை. ரப்பர் வெட்டுகிறவர் ஒருவர் சம்பந்தி வீட்டுக்கு வந்த கையோடு லைட் வாங்க வந்திருந்தார். பக்கத்தில் கடலுக்குப் போகும் ஒரு பெரியவர் பேட்டரி வாங்கிக் கொண்டிருந்தார்.

"எதுக்காக்கும் அண்ணே? வெட்டுக்கா, கடலுக்கா?" என்றார் கடைக்காரர்.

"வெட்டுக்கு. நல்ல தூரம் அடிக்கதா எடும்."

பெரியவருக்குப் பொறுக்கவில்லை. "தூரம் அடிச்சு நீரு என்னத்தப் பாக்கப் போறீரு வேய்? மரம் உம்ம மூக்குக்கு முன்னாலல்லா நிக்கி!"

"மரத்துக்கு மரம் நடக்காண்டாமா? எடையில பாம்பு கெடந்தா?"

பெரியவர் கொஞ்சம் யோசித்தார். "அதுவும் நேருதான்."

ஃப்ளட், ஸ்பாட் என்று அட்டைப் பெட்டிகளில் இங்கிலீஷில் அச்சடித்து மிரட்டும் தலைப்பில், இந்த இரண்டு பேர் அரை நிமிஷத்தில் பட்டிமன்றம் நடத்தி முடித்து விட்டார்கள். ஃப்ளட் என்றால் வெளிச்சத்தைத் தண்ணீர் மாதிரி நாலா பக்கமும் பரத்தி விடுவது. ஸ்பாட் என்றால் குழாயில் அடைத்து ஒரே இடத்தில் பீய்ச்சுவது.

பெட்டி மேல் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் லூமன் என்பது மொத்த வெளிச்சம், அவ்வளவுதான். அதை எங்கே கொண்டு போய்க் கொட்டினார்கள் என்பதைச் சொல்வது கேண்டிலா. நம் பாஷையில் சொன்னால், கையில் 100 ரூபாய். ஊர் முழுக்க மொய் எழுதினால் ஆளுக்குச் சில்லறைதான் தேறும். ஒரே வீட்டில் எழுதினால் பந்தியில் முதல் இலை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன் (படித்த படிப்புக்கு இதுவாவது!). 100 லூமனை 120 டிகிரி அகலத்துக்குச் சமமாகப் பரத்தினால் சுமார் 32 கேண்டிலா. அதே 100 லூமனை 10 டிகிரிக்குள் அடைத்தால் 4,000-க்கும் மேலே. அமெரிக்காவில் 2009-ல் டார்ச்சுக்கென்று ஒரு தர அளவு கொண்டு வந்தார்கள். விளக்கின் வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறைகிற இடம் வரைக்கும்தான் அதன் 'தூரம்'. 0.25 லக்ஸ் என்பது மேகமில்லாத பௌர்ணமி வெளிச்சம், ஏறத்தாழ. கேண்டிலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் தூரம் மீட்டரில் வந்துவிடும். ஆக, பரத்திய விளக்கு 11 மீட்டரில் பௌர்ணமியாகிவிடும். அடைத்த விளக்குக்கு அந்தப் பௌர்ணமி கிட்டத்தட்ட 129 மீட்டரில். லூமன் ஒன்றே, பேட்டரியும் ஒன்றே.

இதில் இன்னொரு வில்லங்கம். தூரத்தை இரண்டு மடங்காக்க, கேண்டிலாவை நாலு மடங்காக்க வேண்டும். '1000 மீட்டர் அடிக்கும்' என்று ஒருவர் சத்தியம் செய்தால் அந்த விளக்குக்கு 2,50,000 கேண்டிலா வேண்டும். நெற்றியில் கட்டுகிற சைஸில், இருநூறு ரூபாய்க்கு அது கிடைக்கிறது என்றால், திருவள்ளுவர் சிலையையும் சேர்த்தே விலை பேசலாம்.

இப்போது ரப்பர் தோட்டத்துக்கு வாருங்கள். விடியுமுன்னே ஏன் வெட்டுகிறார்கள்? வெயில் ஏறினால் இலை வழியே நீர் போய் மரத்துக்குள் அழுத்தம் குறையும், பால் ஓட்டமும் குறையும். அதனால் இருட்டோடு இருட்டாக முந்நூறு மரத்துக்குக் குறையாமல் முடித்தாக வேண்டும். ஒவ்வொரு மரத்திலும் பட்டையைச் சரிவாக, ஒன்று ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குத்தான் சீவலாம். கத்தி கொஞ்சம் ஆழம் போய் உள் திசுவைத் தொட்டால் மரத்தில் காயம். அங்கே புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். அடுத்த சுற்று வெட்டுக்கு அந்த இடம் உதவாது. ஒரு ராத்திரியின் அவசரம் மரத்தில் பல வருஷம் நிற்கும்.

இந்த வேலைக்குக் கூரான ஸ்பாட் சுத்த மோசம். பட்டையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கண்ணைப் பறிக்கும் வெள்ளை, சுற்றிலும் கும்மிருட்டு. வெட்டின் மேல் முனை தெரிந்தால் கீழ் முனை தெரியாது, சிரட்டை தெரியாது. கைக்கெட்டும் தூரத்தில் சமமாக விழுகிற பரந்த வெளிச்சம்தான் சரி. அதுவும் மங்கலாகவே போதும். மரத்திலிருந்து மரத்துக்கு நடக்கும்போது பாம்புக்கும் காட்டுப்பன்றிக்கும் ஒரு ஸ்பாட். ஆக அவருக்கு வேண்டியது முக்கால் ஃப்ளட், கால் ஸ்பாட்.

கடல் கதை வேறு. அங்கே உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது.

வலையிலிருந்து மீன் கழிக்கும்போது ஃப்ளட் வேண்டியதுதான். ஆனால் வெள்ளை வெளிச்சத்தைப் பார்த்துப் பழகிய கண், இருட்டுக்குத் திரும்பவும் பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும். அந்த நேரத்தில் தலை நிமிர்ந்து பார்த்தால் கடல் ஒரு கறுப்புச் சுவர். அந்தச் சுவருக்குள்தான் கப்பல் வருகிறது. 2018 ஆகஸ்டில் முனம்பத்திலிருந்து போன படகைக் கப்பல் இடித்தது விடியுமுன். 2021 ஏப்ரலில் மங்களூருக்கு அப்பால் இன்னொரு படகு கப்பலில் மோதியது நள்ளிரவுக்குப் பின். இரண்டிலும் நம் குமரி மாவட்டத்துக்காரர்கள் இருந்தார்கள். எல்லோரும் வீடு திரும்பவில்லை. நெற்றி லைட் ஒன்று இருந்தால் எல்லாம் தடுக்கப்பட்டிருக்கும் என்று சொல்ல நான் யார்? ஆனால் வெளிச்சத்தை எப்படிக் காட்ட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

1972-ல் எழுதி 1977-ல் அமலுக்கு வந்த சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளைப் புரட்டினால் ஆச்சரியம். பெரிய பெரிய கப்பல்களுக்கான அந்தப் புஸ்தகத்தில் நம்ம டார்ச் லைட்டும் இருக்கிறது! துடுப்புப் படகும், 7 மீட்டருக்குக் குறைந்த பாய்ப் படகும் முறைப்படியான விளக்குகளைப் போட முடியாவிட்டால், வெள்ளை வெளிச்சம் தரும் டார்ச்சோ லாந்தரோ கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். மோதலைத் தவிர்க்கும் அளவுக்கு முன்கூட்டியே காட்ட வேண்டும். 25-வது விதி. கவனத்தை ஈர்க்க, ஆபத்து இருக்கிற திசை நோக்கி ஒளிக்கற்றையைத் திருப்பலாம், எதிரே வருகிறவரைத் திணறடிக்காமல். இது 36-வது. கண்ணைக் குத்தும் 'மினுக்கு' விளக்கைத் தவிர்க்கச் சொல்வதும் அதே விதிதான். சந்தையில் விற்கும் லைட்டில் பாதிக்கு மூன்றாவது அமுக்கில் வருவது அந்த மினுக்குத்தான்!

20-வது விதி இன்னும் முக்கியம். படகின் சட்டப்படியான விளக்கை மறைக்கும் விதத்திலோ, காவல் பார்ப்பவர் கண்ணைக் கெடுக்கும் விதத்திலோ வேறு வெளிச்சம் கூடாது. இழுவலைக்காரருக்குப் பச்சையும் கீழே வெள்ளையும். மற்ற வலைக்காரருக்குச் சிவப்பும் கீழே வெள்ளையும். தளம் முழுக்க ஃப்ளட் போட்டுக் கல்யாண வீடாக்கினால், தூரத்துக் கப்பலுக்கு அந்தச் சிவப்பு எங்கே தெரியும்? (சக்தி வாய்ந்த எல்.ஈ.டி. வைத்து மீனைக் கூட்டிப் பிடிப்பதை மத்திய அரசு 2017 நவம்பரில் தடை செய்தது தனிக் கதை. அது மீனுக்காக.)

ஸ்பாட்டின் அருமையைக் கடற்கரைக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முட்டத்தில் கலங்கரை விளக்கம் நிற்கிறது. ஒரு விளக்கின் வெளிச்சத்தைச் சிதற விடாமல் கண்ணாடியால் கூட்டிக் கற்றையாக்குகிற வித்தையை ஃப்ரெனல் என்ற பிரெஞ்சுக்காரர் 1822-ல் சொல்லிக் கொடுத்தார். எதிர்ப்பக்கம் நம் பழைய பெட்ரோமாக்ஸ். சுத்தமான ஃப்ளட். ஊர்வலத்துக்கு அழகு, தூரத்துக்கு உதவாது. பனியோ கடல் சாரலோ இருந்தால் நெற்றி ஃப்ளட் இன்னும் மோசம். கண்ணுக்குப் பக்கத்திலிருந்து போன வெளிச்சம் துளிகளில் பட்டு நேரே கண்ணுக்கே திரும்பி வரும்.

வாங்கப் போகிறவர்களுக்கு: ஃப்ளட்டுக்கும் ஸ்பாட்டுக்கும் தனித்தனி சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். ஈரக் கையால், பார்க்காமல் தடவிப் போட முடிய வேண்டும். சிவப்பு லைட் இருந்தால் கடல்காரர் இரண்டு ரூபாய் கூடக் கொடுக்கலாம், கண் அதிகம் கெடாது. ஐ.பி.எக்ஸ். 4 என்றால் சாரல் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி. '10 மணி நேரம் ஓடும்' என்று அந்த அமெரிக்க அளவுப்படி போட்டிருந்தால், வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்குகிற வரைக்கும் என்று அர்த்தம். ஐந்தாவது மணியில் பளிச்சென்று இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

அந்தப் பெரியவர் வாங்கிய பேட்டரியில் இரண்டைத் தனியே பிளாஸ்டிக் கவரில் போட்டு ரப்பர் பேண்ட் சுற்றினார். "இது எதுக்கு?" என்றார் வெட்டுக்காரர்.

"மீன் கழிக்கத லைட்டுக்கு மத்தது. இது கப்பலுக்கு உள்ளதாக்கும்."