வீரத்தை முழுக்கதையாகச் சொல்லுவோம்

மொன்றியலில் கோட்-டெ-நேஜ் பக்கம் இருக்கும் எங்கள் ஆட்களுக்கு ழான் பிரியான் தெரு நன்றாகத் தெரியும். மொன்றியல் பல்கலைக்கழகத்தின் கட்டடம் ஒன்று அங்கே இருக்கிறது. அதே பெயரில் ஒரு பூங்காவும் உண்டு. என் மகள் படித்தது அந்தக் கட்டடத்தில்தான். ஆனால், அந்தப் பெயருக்குரியவர் யார் என்று எந்தத் தமிழ் வீட்டிலும் பேசி நான் கேட்டதில்லை. போர் நினைவு நாளான நவம்பர் 11 அன்று பிள்ளைகளின் சட்டையில் பொப்பிப் பூ குத்திவிடும் நாங்கள் அவருடைய கதையையும் சொல்லத்தான் வேண்டும்.

முதலாம் உலகப் போரில் கனடாவின் பிரெஞ்சு மொழிப் படைப்பிரிவான 22ஆம் பட்டாலியனில் அவர் லெப்டினன்ட். 1918 ஆகஸ்ட் 8, 9 ஆகிய நாட்களில், அமியான் சண்டையில், மெஹாரிகூர் என்ற ஊருக்கு அருகே அவருடைய ஆட்களை ஒரு இயந்திரத் துப்பாக்கி மறித்தது. பாய்ந்து போய் அதைப் பிடித்தார், காயப்பட்டார், பின்னால் போக மறுத்தார். படை மறுபடியும் தடைப்பட்டபோது, தானே போய் நிலத்தைப் பார்த்து வந்து, இரண்டு பிளாட்டூன்களோடு நேரே பாய்ந்தார். 150 ஜெர்மானியர் சரணடைந்தார்கள், 15 இயந்திரத் துப்பாக்கிகள் பிடிபட்டன. இரண்டாவது காயத்துக்கு மருந்து கட்டிக்கொண்டு மீண்டும் முன்னால் நின்றார். கடைசியில் ஒரு பீரங்கியை நோக்கி 600 கஜம் ஓடியபோது மூன்றாம் முறை அடிபட்டார். அப்போதும் நிற்கவில்லை. இன்னும் 200 கஜம் போய், இரத்தம் போன களைப்பில் நினைவிழந்து விழுந்தார். மறுநாள் உயிர் பிரிந்தது. வயது 28. வீரத்துக்கான உயர்ந்த விருதான விக்டோரியா சிலுவை அவர் இறந்த பிறகே அறிவிக்கப்பட்டது.

முதல் காயத்தோடு அவர் திரும்பியிருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். தன் ஆட்களைத் தனியே விட மனமில்லாமல் நின்றாரே, அந்த மனத்தை நான் வணங்குகிறேன்.

அதே மாதக் கடைசியில் ஷெரிஸி என்ற ஊரில் நடந்த சண்டையில் அந்தப் பட்டாலியனின் அதிகாரிகளில் ஒருவர்கூடத் தப்பவில்லை. எல்லோரும் இறந்தார்கள் அல்லது காயப்பட்டார்கள். அங்கே ஒரு காலை இழந்த ஜோர்ஜ் வானியே பின்னாளில் கனடாவின் ஆளுநர் நாயகமானார். எங்கள் பிள்ளைகள் போகும் வானியே கொலிஜ் அவர் பெயரில்தான் இருக்கிறது.

கதையின் மற்றப் பாதி கியூபெக் நகரத்தில் நடந்தது. 1917இல் ஒட்டாவா கட்டாய ஆட்சேர்ப்புச் சட்டம் கொண்டுவந்தது. பிரெஞ்சு மொழி பேசும் மக்கள் பெருவாரியாக எதிர்த்தார்கள். 1918 ஏப்ரல் 1ஆம் திகதி அந்த நகரத்தில் இராணுவம் கூட்டத்தின் மீது சுட்டதில் 4 பேர் இறந்தார்கள். பிரியானோ தானாகப் படையில் சேர்ந்தவர். அவரை மதிப்பதற்காக, போக மறுத்தவர்களைக் கோழைகள் என்று சொல்ல வேண்டியதில்லை. தானாகக் கொடுத்த உயிரைத்தான் தியாகம் என்று சொல்லலாம். சட்டம் போட்டுப் பிடுங்கிய உயிருக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

இதை எங்களுக்கு வேறு யாரும் விளக்கத் தேவையில்லை. இலங்கையின் வன்னியில், உள்நாட்டுப் போரின் கடைசிக் காலத்தில், பிள்ளையைப் போருக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பதுங்குகுழிக்குள் ஒளித்து வைத்த தாய்மார் இருந்தார்கள். விரும்பிப் போன பிள்ளைகளின் தாய்மாரும் இருந்தார்கள். இரண்டு பேரும் இன்று இந்த நகரத்தில் ஒரே கடையில் மரக்கறி வாங்குகிறார்கள். ஒருவருடைய துயரத்தைப் பாடி, மற்றவருடையதை மூடி மறைப்பது அறமல்ல.

ஆகவே பிள்ளைகளுக்கு முழுக்கதையையும் சொல்லுங்கள். பிரியானின் மூன்று காயங்களோடு, அவர் கையால் இறந்த ஏழு ஜெர்மானியரையும் சொல்லுங்கள். அவர்களுக்கும் தாய் இருந்தாள். கியூபெக் நகரத்தில் சுடப்பட்ட நான்கு பேரையும் விட்டுவிடாதீர்கள். வீரத்தை மட்டும் சொல்லி அதன் விலையை மறைத்தால், அடுத்த போருக்கு ஆள் பிடிக்க வருபவனுக்கு நாங்களே வழிவிட்டவர்களாவோம்.