பேய்ப்படப் போஸ்டரும் வெள்ளைச் சீலையும்

பேய்ப்படம் ஒண்டுக்குப் போஸ்டர் செய்யச் சொன்னால் எங்கட ஆக்கள் என்ன செய்வினம் எண்டு கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம். கறுப்புப் பின்னணி, ரத்தம் வடியிற எழுத்து, பாழடைஞ்ச வீடு, அதுக்கு மேல முழுநிலவு. நடுவில வெள்ளைச் சீலையோட, தலைமயிரை விரிச்சுவிட்ட ஒரு பொம்பிளை. குறும்படம் எண்டாலும் இதுதான், முழுநீளப் படம் எண்டாலும் இதுதான்.

இதைப் பார்த்து 'அரைச்ச மாவு' எண்டு நக்கலடிச்சிட்டுப் போறது லேசு. ஆனால் வகைமைக்கெண்டு இருக்கிற வழக்கங்களைத் தூக்கி எறியச் சொல்ல நாங்கள் வரவில்லை. அவை தேவை. ஒரு போஸ்டரை ஒருவர் பார்ப்பது இரண்டு, மூன்று செக்கன். மோட்டார்சைக்கிளில் போகும்போது சந்தியில் பார்ப்பார், அல்லது போனில் விரலால் தள்ளிக்கொண்டு போகும்போது பார்ப்பார். அந்த நேரத்துக்குள் 'இது பயப்படுத்திற படம்' எண்டு அவருக்கு விளங்க வேண்டும். இருட்டும் தனிமையும் கோணலான எழுத்தும் அந்த வேலையைத்தான் செய்கின்றன. வழக்கம் என்பது பார்வையாளருக்கு நாங்கள் கொடுக்கிற வாக்கு. அந்த வாக்கை எப்படிக் கொடுக்கிறது, யாருடைய செலவில் கொடுக்கிறது என்பதுதான் எங்கள் கேள்வி.

நல்ல போஸ்டர்கள் வழக்கத்தை விடுவதில்லை, அதில் ஒன்றை மட்டும் திருப்பிப் போடுகின்றன. 1973இல் வந்த 'தி எக்ஸோர்சிஸ்ட்' போஸ்டரைத் தேடிப் பாருங்கோ. பேய் பிடித்த பிள்ளையின் முகம் அதில் இல்லை. தொப்பி போட்ட ஒரு மனிதர், கையில் பெட்டியோடு, இரவில் ஒரு வீட்டுக்கு வெளியே நிற்கிறார். மேல் யன்னலில் இருந்து வெளிச்சம் அவர் மேல் விழுகிறது. வழமையாக இருட்டுத்தான் பயம், வெளிச்சம் என்றால் ஆறுதல். இதில் பயம் வெளிச்சத்துக்குள் இருக்கிறது, அந்த மனிதர் அதற்குள் போகத்தான் வேண்டும். இரவு, வீடு, தனி மனிதன் எல்லாம் பழைய சாமான்தான். மாற்றினது வெளிச்சத்தை மட்டும்.

பேயைக் காட்டாமல் விட்டால் காணும் என்றும் இதை எடுத்துக்கொள்ள ஏலாது. 1975இல் வந்த 'ஜோஸ்' படத்தில் சுறா கனநேரம் கண்ணில் படாது. போஸ்டரிலோ அது வாயைப் பிளந்துகொண்டு நடுவிலேயே நிற்கிறது. ஆனால் மேலே நீந்துகிற பெண்ணுக்கு அது தெரியாது, எங்களுக்குத் தெரியும். பயம் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. 2024இல் வந்த 'லோங்லெக்ஸ்' எதிர்த்திசையில் போனது. நிக்கலஸ் கேஜ் என்ற பெரிய நடிகரை வைத்துக்கொண்டே, விளம்பரங்களில் அவருடைய முகத்தை ஒளித்தார்கள். ஆக, காட்டுவதா மறைப்பதா என்பதற்கு ஒரே விதி கிடையாது. பார்க்கிறவருக்கு எவ்வளவு தெரியலாம் என்பதைத்தான் முடிவெடுக்க வேண்டும்.

வாக்கு நேர்மையாகவும் இருக்க வேண்டும். மம்முட்டியின் 'பிரமயுகம்' 2024இல் முழுக்கக் கறுப்பு வெள்ளையில் வந்தது, போஸ்டர்களும் கறுப்பு வெள்ளைதான். பிடிக்காதவர் வராமல் இருக்கலாம், வந்தவர் ஏமாறவில்லை. 'காஞ்சனா', 'அரண்மனை' வரிசைப் படங்களுக்குப் போகிறவருக்கும் பயத்தோடு பகிடியும் வரும் என்று முதலே தெரியும். அதுவும் நேர்மைதான்.

இப்ப எங்களுக்கு உறுத்துகிற இடத்துக்கு வருவம்.

விளம்பரம் பற்றிக் கதைக்கிற எல்லாரும் 1999இல் வந்த 'தி பிளேர் விட்ச் புரொஜெக்ட்' படத்தை உதாரணம் காட்டுவினம். காட்டுக்குள் போன மூன்று மாணவர்கள் காணாமல் போய்விட்டார்கள், அவர்கள் எடுத்த வீடியோ மட்டும் கிடைத்தது என்பதுதான் கதை. அதை உண்மை போலவே பரப்பினார்கள். இணையத்தளத்தில் பொய்யான பொலிஸ் விபரங்களைப் போட்டார்கள். நடிகர்களின் படத்தோடு 'காணவில்லை' எண்டு துண்டுப்பிரசுரம் கொடுத்தார்கள். நடிகர்கள் சொந்தப் பெயரிலேயே நடித்ததால், அந்தப் பெண்ணின் தாயாருக்கு அனுதாபக் கார்டுகள்கூட வந்தன. மிகச் சிறிய செலவில் எடுத்த படம், உலகம் முழுக்க 24 கோடி டொலருக்கு மேல் சம்பாதித்தது.

கெட்டித்தனமான விளம்பரம், மறுக்க ஏலாது. ஆனால் அதே துண்டுப்பிரசுரத்தைக் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஒரு சுவரில் ஒட்டிப் பார்க்க முடியுமா? 2017இல் இருந்து அங்கே அம்மாக்கள் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களைக் கையில் வைத்துக்கொண்டு றோட்டோரம் போராடுகிறார்கள். அமெரிக்கக் காட்டுக்கதையில் அந்தத் துண்டு ஒரு விளையாட்டு. இங்கே அது ஒரு தாயின் கையில் இருக்கிற ஒரே சாமான். வடிவம் ஒண்டுதான், அர்த்தம் வேற. மேற்கில் வேலை செய்த ஒரு வழக்கத்தைத் தூக்கி வந்து இங்கே ஒட்டும்போது, அது இங்கே என்ன சொல்லும் என்று கேட்காமல் ஒட்ட ஏலாது.

வெள்ளைச் சீலையும் அப்படித்தான். அது பேயின் உடுப்பாக எங்களுக்குப் பழகிவிட்டது. ஆனால் எங்கட சமூகத்தில் வெள்ளைச் சீலை முதலில் யாருடைய உடுப்பு? புருஷனை இழந்த பெண்ணின் உடுப்பு. நல்ல காரியத்துக்குப் போகும்போது அவ எதிரில் வந்தால் சகுனம் சரியில்லை எண்டு சொல்கிற ஆக்கள் இன்னும் இருக்கினம். போர் எத்தனையோ பெண்களைத் தனியாக விட்டுப்போன ஊரில், அதே உடுப்பைப் போட்டுப் 'பேய்' எண்டு போஸ்டரில் நிறுத்தினால், அந்தச் சகுனக் கதையைத்தான் நாங்கள் பெரிதாக்கி அச்சடிக்கிறம்.

'பேய்ப்படம் காயத்தைத் தொடத்தானே வேணும், எல்லாத்துக்கும் கவனம் பார்த்தால் என்னத்தை எடுக்கிறது?' எண்டு சிலர் கேட்பினம். நியாயமான கேள்வி. காணாமல் போனவர்களைப் பற்றி, தனித்துப்போன பெண்களைப் பற்றி, பாழடைஞ்ச வீடுகளைப் பற்றிப் பேய்ப்படம் எடுக்கட்டும். சொல்லப்போனால் எங்கட ஆக்கள்தான் அதை எடுக்க வேணும். ஆனால் படம் வேறு, போஸ்டர் வேறு. படத்துக்குள் வருகிறவர் தானாக வருகிறார், ஒன்றரை மணித்தியாலம் இருந்து முழுவதையும் கேட்கிறார். போஸ்டர் சந்தியில் நிற்கிறது. பஸ்சுக்கு நிற்கிற அம்மா விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அதைப் பார்க்க வேண்டும். அவவுக்கு விளக்கம் சொல்ல அங்கே படம் இல்லை.

அப்ப என்ன செய்யலாம்? எங்கட ஊரில் பயத்துக்குப் பஞ்சமில்லை. உச்சிவெயிலில் புளியமரத்தடிக்குப் போகாதே எண்டு அம்மம்மாமார் சொன்னது ஞாபகம் இருக்கா? நடுச்சாமம் மட்டும் இல்லை, நடுப்பகலும் எங்களுக்குப் பயம்தான். நிழல் காலுக்குள் சுருங்கிப்போன நேரம், ஆளில்லாத வளவு, மூடாத கிணறு. கறுப்பே இல்லாமல் ஒரு பேய்ப்படப் போஸ்டர் செய்யலாம். 2019இல் வந்த 'மிட்சொமர்' பூக்களையும் பட்டப்பகலையும் வைத்தே பயப்படுத்தினது. தலைப்பிலும் விளையாடலாம். 2009இல் வந்த பேய்ப்படத்துக்கு 'யாவரும் நலம்' எண்டு பெயர் வைத்தார்கள். கடிதம் தொடங்குகிற அந்தச் சாதாரண வசனம், படத்தைப் பார்த்தபிறகு சாதாரணமாக இல்லை.

போஸ்டர் செய்ய உட்காரும் தோழர்களிடம் நாங்கள் கேட்பது இவ்வளவுதான். இருட்டோ வெயிலோ, ஒரு வழக்கத்தை எடுங்கோ, அதில் ஒன்றை மாற்றுங்கோ. ஒட்டமுதல், அதைக் கடந்து போகிற எல்லாரையும் ஒருக்கா யோசியுங்கோ. பயப்பட வேண்டியவர் படம் பார்க்க வருகிறவர்தான். ஏற்கெனவே பயந்து பயந்து வாழ்ந்த ஆக்கள் இல்லை.