தோட்டக் கிணறுகளில் பருவந்தோறும் ஆர்செனிக் பரிசோதனையும் பொதுக் குழாய்நீர் இணைப்பும் வேண்டிக் கோரிக்கை மனு

பெறுநர்: நெகிரி செம்பிலான் மாநிலத்தில் தொழிலாளர் நலம், சுகாதாரம், குடிநீர் விநியோகம் ஆகியவற்றுக்குப் பொறுப்பான அதிகாரிகள்.



தோட்ட லயங்களில் கிணற்று நீரை நம்பி வாழும் குடும்பங்களின் சார்பில் எங்கள் சங்கம் இம்மனுவைச் சமர்ப்பிக்கிறது.

எங்கள் முதல் கடிதத்தில், கிணற்று நீரில் ஆர்செனிக் இருக்கிறதா என்று சோதிக்கும்படி கேட்டிருந்தோம். பதில் வரவில்லை. நினைவூட்டுக் கடிதம் எழுதிய பிறகே ஆள் வந்தார். மழை ஓய்ந்த கையோடு ஒரு போத்தல் நீர் எடுத்துப் போனார். "நீர் பாதுகாப்பானது" என்று ஒற்றை வரியில் பதில் கிடைத்தது. எந்த மாதத்து நீர், அதில் எவ்வளவு ஆர்செனிக் என்று அடுத்த கடிதத்தில் கேட்டோம். அக்கடிதம் இன்றும் பதிலுக்குக் காத்திருக்கிறது. எனவே அதில் சொன்னதையே மீண்டும் எழுதுகிறோம்.

ஆழமில்லாத கிணற்றின் நீர் ஆண்டு முழுதும் ஒரே நீர் அல்ல. இங்கே ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை. ஆண்டுத் தொடக்கத்திலும் ஜூன், ஜூலையிலும் வறட்சி. எங்கள் ஜெலுபு பகுதியோ நாட்டிலேயே மழை குறைந்த பகுதிகளில் ஒன்று. வறட்சியில் நீர் வற்றும்போது கரைந்திருப்பவை செறிவடையலாம். மழையில் தாழ்நிலம் ஊறி மண்ணில் உயிர்வாயு குறைந்தால், இரும்போடு ஒட்டியிருக்கும் ஆர்செனிக் பிரிந்து நீரில் கலக்கும். ஒரு கிணற்றில் மழைக்காலத்தில் கூடும். பக்கத்துக் கிணற்றில் வறட்சியில் கூடும். ஒரு போத்தல் இதைச் சொல்லாது. நிறம், மணம், சுவை எதுவும் இதைக் காட்டிக்கொடுக்காது. கொதிக்க வைத்தாலும் போகாது.

இது வீண் பயமல்ல. ரப்பர் தோட்டங்களில் லாலான் புல்லைக் கொல்ல, 1961இல் பாராக்குவாட் களைக்கொல்லி வருவதற்கு முன், ஆர்செனிக் கொண்ட சோடியம் ஆர்சனைட் தெளிக்கப்பட்டது. தெளித்தவர்கள் எங்கள் பெற்றோரும் பாட்டன் பாட்டியும்தான். ஆர்செனிக் மக்கிப்போகும் பொருளல்ல. இதே தீபகற்பத்தின் ஈயப் படுகையில், தாய்லாந்தின் ரோன் பிபூனில், ஈயலம்பக் கழிவால் நீர் கெட்டு, 1987இல் மக்களின் தோலில் நோய் கண்டறியப்பட்டது. ஜெலுபிலும் ஈயம் தோண்டிய நிலங்கள் உண்டு.

ஆகவே எங்கள் முதன்மைக் கோரிக்கை: லயங்களுக்குப் பொதுக் குழாய்நீர். இது சலுகையல்ல. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் குறைந்தபட்சத் தரச் சட்டம் (சட்டம் 446), 6ஆம் பிரிவு, பொதுக் குழாயிலிருந்து போதிய நீரை இலவசமாகத் தரும் கடமையை முதலாளி மீது சுமத்துகிறது. குழாய் கொண்டுவர இயலாத இடத்தில்தான் வேறு நீர். அதற்கும் அனுமதி வேண்டும், அந்நீர் முறையாகச் சுத்திகரிக்கப்படவும் வேண்டும். எங்கள் கிணறுகளுக்கு அப்படி அனுமதி இருந்தால் அதன் நகலைத் தாருங்கள். இல்லையென்றால் இக்கிணறுகள் எந்த விதியின் கீழ் எங்களுக்குக் குடிநீர் ஆயின? எல்லாக் கடிதங்களிலும் இப்பிரிவைச் சுட்டினோம். சட்டம் வந்து முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. 2019இல் அது திருத்தவும் பட்டது. எங்கள் பெண்கள் இன்னும் வாளியோடுதான் கிணற்றடிக்குப் போகிறார்கள்.

குழாய் வரும்வரை, மழையிலும் வறட்சியிலும் ஒவ்வொரு கிணற்றையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். தேசியக் குடிநீர்த் தரத்தின் ஆர்செனிக் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்; அதைத் தாண்டும் கிணற்றை அன்றே மூடி, லாரியில் நீர் தர வேண்டும். முடிவுகள் எண்ணோடும் தேதியோடும் தமிழிலும் மலாயிலும் லயத்தில் ஒட்டப்பட வேண்டும்.

மேலும் கோருவன:
அ) கிணற்றடிச் சுவர்களைப் பழுதுபார்த்தல்.
ஆ) கால்வாய்களைத் தூர்வாருதல்.
இ) பாலர் பள்ளிக்கு நீர்த்தொட்டி வழங்குதல்.

அடுத்த வறட்சிக்கு முன் முதல் மாதிரியை எடுக்கவும், 6ஆம் பிரிவின்படி என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை எழுத்தில் தெரிவிக்கவும் பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்